சந்தேகம் போதும், சாட்சி தேடுவது பள்ளியின் வேலையல்ல

“சந்தேகத்துக்கெல்லாம் போலீசுக்குப் போக ஆரம்பித்தால் எந்த வாத்தியார் நிம்மதியாகப் பாடம் நடத்துவார்? முதலில் பள்ளிக்கூடம் விசாரிக்கட்டும். உண்மை என்று தெரிந்தால் அப்புறம் பார்க்கலாம்.” பெருங்களத்தூர், தாம்பரம், வண்டலூர் பக்கம் எந்தப் பள்ளியின் வாசலில் நின்று கேட்டாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், தாளாளர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். கேட்பதற்குப் பொறுப்பான பேச்சாகவும் இருக்கிறது. அவசரப்படாதே, தீர விசாரி, ஒரு மனிதரின் மானத்தோடு விளையாடாதே என்று சொன்னால் யார் மறுப்பார்கள்?

நான் மறுக்கிறேன். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறதோ என்ற சந்தேகம் எழுந்த பிறகு, ‘நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்’ என்று ஒரு பள்ளி சொல்வதில் நிதானம் எதுவும் இல்லை. அது சட்டத்துக்கு விரோதமானது. அந்தக் குழந்தைக்கு அது இரண்டாவது தீங்கு. அடுத்து மாட்டப்போகும் குழந்தைக்கு அதுவே முதல் தீங்கு.

2012 நவம்பர் 14ஆம் தேதி நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இந்த விஷயத்தைப் பள்ளிகளின் விருப்பத்துக்கு விடவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தலைமையாசிரியருக்கு மட்டும் உள்ள கடமையும் அல்ல அது. இரண்டாம் வகுப்பு மிஸ், பி.டி. சார், ஆயாம்மா, வேன் டிரைவர் என்று எல்லோருக்கும் உண்டு. நடந்தது தெரிந்தும் சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். இந்தப் பிரிவுகளில் எந்த வரியிலும் சட்டம் பள்ளியிடம் ஆதாரம் கேட்கவில்லை. தகவல் கேட்கிறது, அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றமும் இதில் தெளிவாக இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், அவர்களுக்கு நடந்தது தெரிந்தும் சொல்லவில்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் அவர்மீதான வழக்கை ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரங்களில் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியாகவே இருக்கிறது என்றது.

‘பள்ளி விசாரணை’ என்று மரியாதையாகச் சொல்லப்படுவது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். எட்டாம் வகுப்பில் பாடம் நடக்கும்போது ஒரு சிறுமியைப் பெயர் சொல்லி அழைத்துப் போகிறார்கள். எதற்கு என்று மதிய உணவு வேளைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. பிரின்சிபால் அறையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, அவள் நின்றுகொண்டு பதில் சொல்கிறாள். சார் கை தெரியாமல் பட்டிருக்கலாம் இல்லையா? நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? அவருக்கும் பெண் குழந்தை இருக்கிறது, தெரியுமா? நீ சொல்வது பொய் என்றால் டி.சி. கொடுக்க வேண்டியிருக்கும், தெரியுமா? பிறகு அந்த ஆசிரியரையே அழைத்து எதிரில் நிறுத்தி, ‘இப்போது சொல்’ என்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அங்கே என்ன சொல்லும்? ‘ஒன்றுமில்லை மிஸ்’ என்று சொல்லும். அதை எழுதி வாங்கிக்கொள்வார்கள். விசாரணை முடிந்தது, குற்றச்சாட்டு உண்மையல்ல என்று கோப்பு மூடப்படும்.

இதற்குள் சம்பந்தப்பட்டவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. கைபேசியில் அனுப்பிய செய்திகளை அழிக்க ஒரு இரவு போதும். கேமரா பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடும். மருத்துவப் பரிசோதனையில் கிடைக்கக்கூடிய தடயங்களுக்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். கடைசியில் அந்த விஷயம் நீதிமன்றத்துக்கே போனாலும், ‘ஒன்றுமில்லை’ என்று பள்ளி எழுதி வாங்கிய தாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் முதல் ஆயுதமாக இருக்கும்.

இதே சிறுமியிடம் காவல்துறை வாக்குமூலம் வாங்கினால் எப்படி வாங்க வேண்டும் என்று அதே சட்டம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. அவள் வீட்டில், அல்லது அவள் விரும்பும் இடத்தில் வாங்க வேண்டும். கூடுமானவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். சீருடையில் வரக்கூடாது. பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படவே கூடாது. இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். காவல்துறைக்கே இத்தனை கட்டுப்பாடு. பிரின்சிபால் அறைக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. குழந்தையைப் போலீஸ் கெடுபிடியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்பவர்கள், எந்த விதியும் இல்லாத ஓர் அறைக்கு அவளை அனுப்பிவைக்கிறார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒன்று நடந்தது. என்.சி.சி.க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முகாம் நடத்தியவர் யார், அவருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று பள்ளி சரிபார்க்கவில்லை. பள்ளி வளாகத்திலேயே தங்கியிருந்த ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். பள்ளி நிர்வாகத்திடம் சொன்னபோது, வெளியே சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள் என்பது வழக்கு. வீட்டுக்குப் போன பிறகு உடல்நிலை கெட்டது. பெற்றோர் மூலமாகத்தான் விஷயம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனது. முகாம் நடத்தியவரோடு பள்ளியின் தாளாளர், முதல்வர், ஆசிரியர்கள் எனப் பலர் கைதானார்கள். விசாரணையில் தெரியவந்த இன்னொரு விஷயம், அதே ஆள் வேறு பள்ளிகளிலும் இதேபோல முகாம்கள் நடத்தியிருக்கிறார் என்பது. ஒரு பள்ளியில் அடங்கிப்போகும் பேச்சுதான் அப்படிப்பட்டவர்களை அடுத்த பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. தனியார் பள்ளிகளில் ‘மரியாதையாக ராஜினாமா செய்துவிட்டுப் போங்கள்’ என்று ஒருவரை அனுப்பிவைப்பதும், அவர் அனுபவச் சான்றிதழோடு பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளியில் சேர்வதும் இந்த வகைதான்.

2021 நவம்பரில் கோவையில் 17 வயது மாணவி ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். முன்பு படித்த தனியார் பள்ளியின் ஆசிரியர் போக்சோவில் கைதானார். விஷயம் தெரிந்தும் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில் அந்தப் பள்ளியின் முதல்வரும் கைதானார். அவள் அந்தப் பள்ளியை விட்டு வேறு பள்ளிக்கு மாறியிருந்தாள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளின் உள் விசாரணையில் கடைசியில் இடம் மாறுவது பெரும்பாலும் பிள்ளைதான்.

அதே ஆண்டு மே மாதம் சென்னை கே.கே. நகர் பத்மா சேஷாத்ரி பள்ளியின் ஆசிரியர் ஒருவர் கைதானார். முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராமில் எழுதிய பிறகுதான் அது நடந்தது. முன்பே சொன்னோம், யாரும் எதுவும் செய்யவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். அடுத்த மாதமே, நம் வண்டலூரிலிருந்து போகும் சாலையின் மறுமுனையில், கேளம்பாக்கம் சுஷில் ஹரி பள்ளியின் நிறுவனர் சிவசங்கர் பாபா முன்னாள் மாணவிகளின் புகாரில் டெல்லியில் கைது செய்யப்பட்டார். அந்த வழக்குகளின் உண்மையை நீதிமன்றங்கள் சொல்லட்டும். என் கேள்வி வேறு. புகார் நிறுவனர் மீதே என்றால், பள்ளிக்குள் விசாரிப்பவர் யார்? அவர் அறிக்கையை யாரிடம் கொடுப்பார்?

பள்ளியே விசாரிக்கட்டும் என்பவர்கள் அடுத்ததாகச் சொல்வது, “சரி, பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், அவர்கள் முடிவு செய்யட்டும்” என்பது. பல குடும்பங்களில் இது சரியாகவே அமையும். ஆனால் எந்தக் குடும்பத்தில் சரியாக அமையும் என்று அந்த ஆசிரியருக்குத் தெரியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100க்கு 90க்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வீட்டு உரிமையாளர், சில வீடுகளில் பெற்றவரே. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களில் ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவே இல்லை. சித்தப்பாவைப் பற்றி ஆசிரியரிடம் வாய் திறந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு, ‘உங்கள் பையன் இப்படிச் சொல்கிறான், என்ன என்று பாருங்கள்’ என்று பள்ளி போன் செய்தால், அன்றிரவு அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்? மறுநாள் அவன் பள்ளிக்கு வருவானா என்பதே நிச்சயமில்லை.

‘குடும்ப விஷயம், பள்ளிக்கு என்ன வேலை’ என்று கேட்பவர்கள் பெருங்களத்தூர் எப்படி வாழ்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். இங்கே விடிவதற்குள் அப்பா மறைமலை நகர் ஷிப்டுக்குப் போய்விடுகிறார். அம்மா எட்டு மணிக்குள் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கோ, மின்சார ரயிலைப் பிடித்துக் கிண்டிக்கோ போயாக வேண்டும். பிள்ளை வேனில் ஏறிப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து டியூஷனுக்குப் போய், இருட்டிய பிறகு வீடு சேர்கிறது. பாட்டி ஊரில் இருக்கிறார். பக்கத்து ஃபிளாட்டில் குடியிருப்பவர் யார் என்று ஒரு வருஷத்துக்குப் பிறகும் சரியாகத் தெரியாது. நெடுங்குன்றம், பீர்க்கன்கரணை, சதானந்தபுரம் என்று எங்கே பார்த்தாலும் புதிதாகக் குடிவந்தவர்கள். ஊரும் உறவும் பிள்ளைகளைக் கண்காணித்த காலத்தில் அவை எவ்வளவு மறைத்தன என்பது தனிக் கதை. ஆனால் இன்றைக்கு இந்தப் புறநகரில் ஒரு பிள்ளையின் முகத்தை வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் பார்க்கும் வெளியாள் ஆசிரியர் ஒருவர்தான். நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குவது, மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்பது, வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, ஒரு குறிப்பிட்ட ஆள் அழைக்க வந்தால் மட்டும் அழுவது எல்லாம் அவர் கண்ணில்தான் படும். இவற்றில் எதுவும் தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் வேறு எவரும் பார்க்க முடியாததை அவர் பார்க்கிறார். அமெரிக்காவில் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு வரும் தகவல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பள்ளிகளிலிருந்து வருவது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்தத் தகவல்கள் சடாரென்று குறைந்தன. குழந்தைகள் திடீரெனப் பாதுகாப்பாகிவிட்டார்கள் என்று அங்கே யாரும் நம்பவில்லை. பார்க்கும் கண்கள் இல்லாமல் போயின என்றுதான் புரிந்துகொண்டார்கள்.

பள்ளி பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அங்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் 13 வயது மாணவி தொடர்பாக அதே பள்ளியின் மூன்று ஆசிரியர்கள் கைதானார்கள். விஷயம் எப்படி வெளியே வந்தது? பல நாளாக அவள் பள்ளிக்கு வராததைக் கவனித்த தலைமையாசிரியர் வீடு தேடிப் போய் விசாரித்தார் என்று செய்திகள் சொல்லின. ஏன் வரவில்லை என்று கேட்கப் போனவர், கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. புகார் உரிய இடத்துக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவருடைய சக ஆசிரியர்கள். பள்ளியின் பெயர் கெடும் என்று அவரும் நினைத்திருக்க முடியும்.

பெயர் கெடும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். அது பொய்யான அச்சம் அல்ல. பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் பள்ளிகள் போட்டி போடுகின்றன. ஒரு வதந்திக்கே அட்மிஷன் குறையும். ஆனால் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியும்படி அவள் பெயரையும் முகவரியையும் மட்டுமல்ல, பள்ளியையும்கூட ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று 23ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. மேலே கோவை, பர்கூர் பள்ளிகளின் பெயரை நான் எழுதாததற்குக் காரணமும் அதுதான். முதல் நாளே தகவல் சொன்ன பள்ளிக்கு இந்தத் தடை ஒரு கவசம். ஒரு பள்ளியின் பெயர் ஊர் முழுக்க நாறிப்போனது எப்போதெல்லாம் என்று எண்ணிப் பாருங்கள். மறைத்தது வெளிவந்தபோதுதான்.

பொய்ப் புகார் பற்றிய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குற்றமற்ற ஓர் ஆசிரியர் பாலியல் குற்றச்சாட்டில் சிக்கினால் அவர் வாழ்க்கை சிதைந்துவிடும். அவமானப்படுத்தும் நோக்கத்தோடு பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களுக்கு 22ஆம் பிரிவு தண்டனை வைத்திருக்கிறது. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவருக்கு 19ஆம் பிரிவே பாதுகாப்பும் தருகிறது. ஆனால் இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. குற்றமற்றவருக்கும் பள்ளி விசாரணை நியாயம் செய்வதில்லை. தாளாளருக்கு வேண்டியவர் என்றால் தப்பிப்பார். வேண்டாதவர் என்றால் ஒரே நாளில் வெளியே போவார். இரண்டிலும் உண்மைக்கு இடமில்லை. ‘ஏதோ பெண் விவகாரமாம், ரகசியமாக முடித்தார்களாம்’ என்ற பேச்சு அவரை ஆயுள் முழுக்கத் துரத்தும். தன் தரப்பைச் சொல்லவும் குறுக்குக் கேள்வி கேட்கவும் உரிமை கிடைக்கும் இடம் நீதிமன்றம் ஒன்றே.

நீதிமன்றம் தாமதிக்கிறது, காவல் நிலையத்தில் சட்டம் சொன்னபடி நடப்பதில்லை என்பதும் உண்மை. ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்ற விதி பல வழக்குகளில் ஏட்டோடு நிற்கிறது. அதற்காகச் செங்கல்பட்டு நீதிமன்றத்தின் வேலையைத் தாளாளரின் மேசைக்கு மாற்ற முடியாது. பதினாறு, பதினேழு வயதினரின் காதலில் போக்சோ புகுந்து இரண்டு பிள்ளைகளையும் நாசம் செய்கிறது என்ற குறையும் நியாயமானது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய வழக்கு ஒன்றை ரத்து செய்தபோது அதைச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் சட்டத்தைத் திருத்தட்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளையைத் தொட்ட ஆசிரியருக்காகவும் சித்தப்பாவுக்காகவும் யாரும் அந்த வாதத்தைக் கடன் வாங்கக் கூடாது.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2012 ஜூலையில் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதைக் கையில் எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் வாகனங்களின் தளத்தையும் அவசர வழியையும் பார்க்கிறார்கள். என் பேருந்தைச் சந்தேகப்படுவது எனக்கு அவமானம் என்று எந்தத் தாளாளரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அதே பேருந்தை ஓட்டுபவர் உட்பட, குழந்தைகளோடு பழகும் பணியாளர் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்வதைக் கேட்டால் முகம் சுருங்குகிறது. எல்லாப் பள்ளிகளிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சொன்னது. அந்தக் குழுவையே ஒரு குட்டி நீதிமன்றமாக நடத்தி, புகாரை வடிகட்டி அனுப்பலாம் என்று நினைக்கும் பள்ளிகளும் உண்டு. குழுவின் பெயரைச் சொல்லி 19ஆம் பிரிவைத் தாண்ட முடியாது.

இனி, உண்மையில் யார் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் பார்ப்பவர், பெரும்பாலும், சொற்பச் சம்பளத்தில் தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவருடைய அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் அலமாரியில் இருக்கக்கூடும். குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கோ போன் செய்ய அவருக்கு யார் அனுமதியும் தேவையில்லை. பிரின்சிபாலின் கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் மறுநாள் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 19ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு சிவில், கிரிமினல் வழக்குகளிலிருந்துதான். வேலையைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பள்ளிக் கல்வித் துறை இந்த ஓட்டையை அடைக்க வேண்டும். தகவல் சொன்ன ஆசிரியரை ஒரு பள்ளி நீக்கினால், அதன் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது அந்த நீக்கத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும், விளக்கம் சரியில்லை என்றால் அங்கீகாரத்தை நிறுத்த வேண்டும். வரும் ஜூனில் பெருங்களத்தூரில் பிள்ளையைச் சேர்க்க வரிசையில் நிற்கும் பெற்றோர், பஸ் கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் அதே ஜன்னலில் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். உங்கள் பணியாளர்களைக் காவல்துறை மூலம் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? ஒரு ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் அவர் நேராக 1098க்குப் போன் செய்யலாம் என்று உங்கள் ஆசிரியர்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறீர்களா?